வீங்கக்கூடும் என்றார் அத்தான்

அப்பா முகத்தின் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார். வலக் கன்னம் வழுவழுப்பாக இருந்தது. இடக் கன்னத்தில் சவர்க்கார நுரை அப்படியே காய்ந்து கிடந்தது. அம்மா சிரித்தபடி, "மற்றப் பக்கத்தை நாளைக்கு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். "எந்தப் பக்கம்?" என்றார் அப்பா. அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் அக்காவும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முன்னால் முழந்தாளிட்டார்.

"மாமா, ரெண்டு கையையும் தூக்குங்கோ."

வலக்கை மேலே போனது. இடக்கை மடியிலேயே கிடந்தது. "தூக்கியிட்டன்தானே," என்றார் அப்பா. அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னை உலுக்குகிறது.

யுத்தத்தின் நடுப்பகுதி அது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடற்படையின் முள்கம்பி வேலி முடிகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில், பயண அனுமதி கொடுக்கும் பாஸ் பகுதியில் எழுதுவினைஞர். ஊரை விட்டு வெளியே போகிறவர்கள் யார், எதற்காகப் போகிறார்கள் என்று கடிதம் தயாரித்துக் கையொப்பத்துக்கு வைப்பது என் வேலை. அக்காவைக் கட்டிய அத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பக்கவாதத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக இருவரும் லீவில் வந்திருந்தார்கள். அத்தான் அதிகம் கதைக்காதவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். அந்தப் பதிலையும் அளந்துதான் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் மூளையைப் படமெடுக்கும் இயந்திரம் அப்போது இல்லை. டொக்டர் களைத்துப்போயிருந்தார், முதல்நாள் கொண்டுவரப்பட்ட காயக்காரர்கள் விறாந்தையில் பாயில் கிடந்தார்கள். பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டிருக்க வேண்டும் என்று அவரும் அத்தானும் ஒரேமாதிரிச் சொன்னார்கள். அப்பாவோ கட்டிலில் படுத்தபடி, தன்னை ஏன் இங்கே கொண்டுவந்தோம் என்று எங்களை ஏசிக்கொண்டிருந்தார். தாதி மிஸ் ஒருவர் அவருடைய இடக்கையைத் தூக்கிக் காட்டினார். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஆரின்ர கை?" என்று கேட்டார்.

அத்தான் என்னை வெளியே மர வாங்கில் இருத்தினார். என் கைப்பையில் கிடந்த வெற்றுப் பாஸ் படிவம் ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் ஒரு குழாயை வரைந்தார். மூளைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களின் சுவர் உடம்பின் மற்ற இடங்களில் உள்ளதைப் போன்றதல்ல, கல்லுக்குக் கல் இடைவெளியில்லாமல் நெருக்கிக் கட்டியது, இரத்தத்தில் உள்ளதெல்லாம் மூளைக்குள் போக அது விடாது என்றார். எலிக்கு ஊசியால் நீலச் சாயம் ஏற்றினால் காது, தோல், ஈரல் எல்லாம் நீலமாகும்; மூளை மட்டும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் பக்கவாதம் வந்த எலியின் மண்டையைத் திறந்தால் ஒரு பக்கம் நீலமாக இருக்கும். சுவர் விட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"சுவரை ஆர் உடைக்கிறது?" என்று கேட்டேன்.

"மூளைதான்," என்றார். இரத்தம் கிடைக்காத இடம் புதுக் குழாய்கள் வேண்டுமென்று ஒரு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. புதுக் குழாய் முளைக்க நாள் செல்லும். அதற்கு முன்னமே அந்தக் காரணி இருக்கிற சுவர்களைத் தளர்த்திவிடும். நீர் உள்ளே கசியும். மூளை வீங்கும். மண்டையோடு விரிந்துகொடுக்காது. அதே காரணியை இரண்டு நாள் பிந்திக் கொடுத்தபோது அவருடைய எலிகள் தேறின. முந்திக் கொடுத்தவை செத்துப்போயின. தன் ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டு நாள் வித்தியாசத்தைப் பற்றித்தான் என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நாளை மத்தியானம் காயக்காரர்களோடு ஓர் அம்புலன்ஸ் கண்டிக்குப் போகிறது. அதில் ஓர் இடம் தர டொக்டர் சம்மதித்திருக்கிறார். வீக்கம் கூடினால் மண்டையோட்டைத் திறந்துவிட அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கச்சேரிக் கடிதம் மட்டும் வேண்டும்.

"வீங்கும் எண்டு நிச்சயமா, அத்தான்?"

அவர் படிவத்தை மடித்து என்னிடம் தந்தார். "நிச்சயம் எண்டு சொல்ல ஏலாது, மச்சாள். வீங்கக்கூடும். அனேகமா மூண்டாம் நாள்."

கண்டிக்குப் போகும் பாதையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பாதையில் ஒரு சோதனைச் சாவடியில் என் தம்பியை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவனுடைய பாஸில் குறை ஒன்றும் இல்லை. அதை எழுதியவளே நான்தான். பஸ் அவனில்லாமல் போனது. பிறகு அவனைப் பற்றிய சேதி எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. அம்மாவிடம் கண்டி என்றதும் அவர் முகம் கல்லாகிவிட்டது. "இந்த மனிசன் கதைக்கிறார், கஞ்சி குடிக்கிறார். அந்தப் பாதையில இன்னொரு ஆளை நான் அனுப்பமாட்டன்," என்றார். அக்கா அழுதாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பம்," என்றேன். அத்தான் தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் அப்பா தெளிவாகக் கதைத்தார். கிண்ணியாவிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் காலையின் முதல் பாதைப் படகிலேயே கடல் கடந்து, ஒரு போத்தல் தேனோடு பார்க்க வந்தார். இருவரும் ஒரே இழுவைப்படகில் இருபது வருடம் வேலை செய்தவர்கள். "என்ன, கப்பல் தரை தட்டியிட்டோ?" என்று அவர் கேட்க, "தட்டயில்லை, நங்கூரம் போட்டிருக்கு," என்றார் அப்பா. வார்டே சிரித்தது. அம்மாவின் முகத்தில் இரத்தம் திரும்பிவந்தது. நான் செய்தது சரி என்று எனக்கு முழுமையாகத் தோன்றிய ஒரே பொழுது அதுதான்.

மத்தியானம் அம்புலன்ஸ் புறப்பட்டது. யன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தான் வாசல் கேற்றடியில் நின்று, அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அரை மணிக்கொரு தடவை கண்மடலை உயர்த்தி டோர்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கினார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த அறையில் அவரைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னேரம் கண்டிப் பாதையில் கண்ணிவெடி வெடித்ததாகவும் வீதியைப் பூட்டிவிட்டதாகவும் சேதி வந்தது. போன அம்புலன்ஸ் அதற்கு முன்னமே தாண்டிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை அப்பா கொட்டாவி விட்டார். ஒன்றல்ல, ஓயாமல். தலை இடிக்கிறது என்றார். தேன் கலந்த தண்ணீரைக் கொடுத்தபோது வாயின் ஓரத்தால் வழிந்தது. பத்து மணிபோல் கூப்பிட்டால் மட்டும் கண் திறந்தார்; பதினொரு மணிக்கு அதுவும் இல்லை. அத்தான் டோர்ச் அடித்துவிட்டு என்னிடம் அதை நீட்டினார். நானும் பார்த்தேன். இடக் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கியது. வலக் கண்மணி அகன்று, கரியதாய், அப்படியே நின்றது. உள்ளே பரவிக்கொண்டிருக்கும் நீலத்தை நினைத்தேன்.

டொக்டர் கைவசம் இருந்த மருந்தைச் சேலைனில் ஏற்றினார். நான் கச்சேரிக்கு ஓடினேன். கடிதம் தட்டச்சு செய்யப் பத்து நிமிடம் கூடச் செல்லவில்லை. மேலதிகாரி நின்றபடியே கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, "ஆனா றோட்டு பூட்டு, பிள்ளை," என்றார். அந்தக் கடிதத்தோடு இராணுவ முகாம் வாசலுக்குப் போய், ஹெலிகொப்டரில் ஓர் இடம் கேட்டேன். ஹெலிகொப்டர் காயக்காரருக்கு மட்டும்தான் என்று ஒரு சிப்பாய் மரியாதையாகத்தான் சொன்னான். திரும்பி வந்தபோது அத்தான் அப்பாவின் வலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றது.

செத்தவீட்டில் அத்தான் எனக்கு ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். அத்தான் தன் எலிகளிடம் திரும்பினார். அவர் எழுதிய கட்டுரைகளை அக்கா அனுப்புவாள். அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பேன். ஒவ்வொன்றிலும் "கூடும்" என்று பொருள்படும் சொற்களே நிறைந்திருந்தன. அது தயக்கமல்ல, அவர்களுடைய தொழிலின் நேர்மை என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அவர் அன்று தனக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு மேலே ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்லியிருந்தார். தம்பியைப் பறிகொடுத்த பயத்தோடு இருந்த நான், அந்தச் சொல்லுக்குள் எனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டேன்.

இன்று கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. கண்டிக்குப் போகும் வழியில் யாரும் யாரையும் இறக்குவதில்லை. அம்மாவும் இல்லை. அப்பாவின் திவசத்தன்று அத்தான் வருடாவருடம் தொலைபேசியில் கதைப்பார். மழையைப் பற்றி, என் முழங்கால் வலியைப் பற்றி. அந்த மூன்று நாட்களை இருவருமே தொடுவதில்லை. போன வருடம் மட்டும், வைக்கப் போகிற நேரத்தில், குரல் மாறிச் சொன்னார். அவருக்கும் ஓய்வு பெறுகிற வயதாகிவிட்டது.

"மச்சாள், நான் அண்டைக்கு உங்களைக் கும்பிட்டுக் கேட்டிருக்க வேணும். ஒருக்காத்தான் கேட்டனான். திருப்பிக் கேக்கயில்லை. நிச்சயமில்லாததை வற்புறுத்தக் கூடாது எண்டு நினைச்சிட்டன்."

தனக்குள் இருபது வருடத்துக்கு மேலாக அவர் இதை வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்கள் எத்தினைதரம் கேட்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டன், அத்தான்," என்றேன். "நீங்கள் அதை யோசியாதையுங்கோ."

அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "ஓம்," என்றார். "ஓம்," என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் சொன்னது பொய். அன்று அந்த வாங்கில் அவர் இன்னும் ஒரேயொரு தடவை கேட்டிருந்தால், எழுந்து கச்சேரிக்குப் போயிருப்பேன்.