கை மட்டும் தெரியும் சேனல்

கிழிந்த துணியைத் தைத்துக் காட்டும் வீடியோக்களில் தையல்காரியின் முகம் இருக்காது. கையும் ஊசியும் குரலும் மட்டும்தான். அதற்கே சேனலில் கூட்டம் கூடிவிட்டது. அதை மோப்பம் பிடித்து, சேனல்களை நடத்திக் கொடுக்கும் ஒரு நெட்வொர்க் வந்தது. கூட்டாளியாகச் சேர்ந்தால் விளம்பரம், எடிட்டிங் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போனில் மேலாளர் தேனொழுகப் பேசினான். "நீங்க தைங்கக்கா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

புருஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வீடு தேடி வந்திருக்கு. இன்னும் என்ன யோசனை?"

"சேர்ந்தவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

பழைய ஜீன்ஸில் பை தைத்து வீடியோ போடும் பைக்காரி பக்கத்துத் தெருதான். அதே நெட்வொர்க்கில் போன வருஷமே சேர்ந்தவள். கதவைத் திறந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். கூடத்தில் தையல் மெஷின் உறை போட்டுக் கிடந்தது. உறை மேல் தூசி.

"நேத்துகூட உங்க வீடியோ பாத்தேனே, ஜிப் வைக்கிறது."

"நானும் பாத்தேன். நான் தைக்கிறதை விட்டு ஆறு மாசமாச்சு."

"விளையாடாதீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் என்னோடதுதான். பேசுறது கம்ப்யூட்டர். கை யாரோடதுன்னே தெரியல. எனக்கு இடது கைப் பழக்கம். அதுல கத்தரி வலது கையில இருக்கு. கேட்டா, ஒத்துக்கிட்டுத்தானே சேர்ந்தீங்கங்கறாங்க." அவள் குரல் இறங்கியது. "எங்கம்மா போன் பண்ணி, வீடியோவுல கலகலன்னு பேசுற, எங்கிட்ட மட்டும் ஏன்டி உம்முன்னு இருக்கேன்னு கேக்கறாங்க."

தையல்காரி வெளியே வந்தாள். தெருவில் நின்றபடியே மேலாளரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்றாள். அவன் கோபப்படவில்லை. அதுதான் உறுத்தியது.

"பரவால்லக்கா. அதான் அண்ணன்கிட்ட பேசிட்டோமே."

"அவர்கிட்ட என்ன பேச்சு? சேனல் என்னோடது."

"அவர் நம்பர்லதானேக்கா ஆரம்பிச்சிருக்கீங்க?"

ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புருஷன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"ஒரு ஓடிபிதான் கேட்டாங்க. நீ வர்றதுக்குள்ள முடிச்சா சந்தோஷப்படுவேன்னு..."

அவள் அவன் போனை வாங்கி சேனலின் பாஸ்வேர்டை அடித்தாள். ஏற்கவில்லை. மறுபடி அடித்தாள். ஏற்கவில்லை. தன் சேனலை வெளியாள் மாதிரிதான் பார்க்க முடிந்தது. வீடியோக்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மேலே மட்டும் புதிதாக ஒரு வரி: இனி தினமும் ஒரு வீடியோ.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த புருஷன், "பாரு, அதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சுட்டாங்க" என்றான்.