மின்மினி மேல் போட்ட காசு

பூச்சியையும் மரத்தையும் காப்பாற்றக் கிளம்பும் புதுத் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு முதல் போட ஆள் பிடித்துத் தருவது என் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்கள் தலைவலி எனக்குப் புரியும்.

படகில் வந்த முதலாளி

மலர்விழி கெர்லிங் தோட்டத்துப் பிள்ளை. கோலா சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகளை எண்ணும் கேமராப் பெட்டிகளைக் கட்டியிருந்தாள். எந்த மரத்தில் பூச்சி குறைகிறது என்று உடனே தெரிந்தால், மரம் வெட்டுகிறவனையும் மருந்தடிக்கிறவனையும் தட்டிக் கேட்கலாம் அல்லவா? அதற்காகவே நல்ல வேலையை விட்டுவிட்டு இறங்கியவள்.

ஒரு முதலாளியைக் கூட்டிப்போய்ப் படகில் உட்கார வைத்தோம். மரம் முழுக்க ஒன்றுபோல் மின்னி மின்னி அணைந்தது. மனிதர் படகிலேயே எழுந்து நின்றுவிட்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கரைக்கு வந்ததும் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு லா. அடுத்த வருஷம் இதை டபுள் ஆக்க முடியுமா?"

கைப்பேசியில் ஏறிய மரம்

முதல் வந்தது, கூடவே நிபந்தனையும் வந்தது. இன்றைக்கு எந்த மரம் அதிகம் மின்னுகிறது என்று சுற்றுப்பயணிகளுக்குச் செயலியில் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டுமாம். கூட்டம் சேர்ந்தால்தான் வருமானமாம். மலர் வேண்டாம் என்றுதான் மன்றாடினாள். யார் கேட்டார்கள்?

பள்ளி விடுமுறை வந்தது. படகுக்காரர்கள் வழக்கமாக ஆளுக்கொரு மரம் என்று பிரிந்து போவார்கள். இந்த முறை எல்லாப் படகும் ஒரே மரத்தடியில். டார்ச் லைட், செல்ஃபி, கூச்சல். விடுமுறை முடிவதற்குள் அந்த மரம் இருண்டு போனது. மலர் தேம்பித் தேம்பி அழுதாள். படகோட்டும் ரவி அண்ணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நானும்தான் போனேன் தங்கச்சி. வர்றவங்க போனைக் காட்டி அந்த மரத்துக்கே போகணும்னா, நான் என்ன செய்ய?"

கோலாலம்பூர் கூட்டம்

செயலியிலிருந்து வரைபடத்தை எடுத்தால் போட்ட முதலையும் எடுத்துவிடுவேன் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். மலர் அதை எடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே வந்தாள். கொஞ்சம் பணிந்து போ என்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மேப் இல்லாம நான் எதுக்குக் காசு போடணும்?" என்றார் அவர். பாவி மகள் சொன்னாள்: "போட வேணாம் சார். அந்த மரத்தை விட்டா போதும்."

ஒரு கிளை

கம்பெனி போய்விட்டது. மலர் இப்போது ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆற்றுக்குப் போய்ப் பெட்டிகளுக்குப் பேட்டரி மாற்றுகிறாள். போன வாரம் ரவி அண்ணன் போன் செய்தார். பக்கத்தில் ஆள் இருந்ததோ என்னவோ, ரகசியம்போலப் பேசினார்: "மலர்கிட்ட சொல்லிடுங்க. அந்த மரத்துல ஒரு கிளை மின்னுது. நான் யாருக்கும் சொல்லல லா."

நான் முதல் பிடித்துக் கொடுத்த கம்பெனிகளில் இன்றுவரை லாபம் காட்டியது, இழுத்து மூடிய அந்த ஒன்றுதான்.