மேட்டில் நின்ற வண்டி

நாகநாதன் ஜெனரேட்டரின் பொத்தானை மறுபடி அழுத்தினார். வண்டியின் வயிற்றுக்குள் அது செருமியது, பிடித்தது, ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்பதாவது நிமிடம் தடுமாறியது. பத்தாவது நிமிடம் நின்றேவிட்டது.

மணி மூன்றரை. ஆறு மணிக்கு மகள் மேகலா வருகிறாள்.

அவருக்குக் குடவாசலில் வீடு இருக்கிறது. மஸ்கட்டில் ஓர் அரபிக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டி அவர் அனுப்பிய பணத்தில் மனைவி கட்டிய வீடு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அங்கே படுத்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. மனைவி இறந்தபின் ஊரோடு வந்தவருக்கு எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்றே பிடிபடவில்லை. "சொந்த வீட்டுல செருப்ப எங்க விடணும்னு கேக்குறீங்களேப்பா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அந்த அரபிக் குடும்பம் குளிர்காலத்தில் பாலைவனத்தில் தங்கப் போகும்போது ஒரு வீட்டுவண்டியும் கூடப் போகும். அதுபோல ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் வைத்துக்கொண்டார். மூன்று வருடமாக வாய்க்கால் கரைகள்தான் விலாசம். இந்த வாரம் பாபநாசத்துக்குத் தெற்கே. மகள் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் நேற்றுதான் சொன்னாள்.

"ஒரு ராத்திரி உங்க வண்டியில தங்குறேம்ப்பா. ஆனா ஏசி ஓடணும். பாப்பாவுக்குக் கொசு கடிச்சா தடிச்சுப்போவுது, ஜன்னலத் தொறக்க முடியாது. ஓடலன்னா சொல்லிடுங்க, இங்கயே ரூம் போட்டுக்கறேன்."

ஓடவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குடவாசல் பம்புசெட் மெக்கானிக் ஹபீப் முகம்மதைப் போனில் பிடித்தார்.

"டீசலோட காத்தும் சேந்து இழுக்குதுண்ணே. பம்பு ஓரத்துல திருகு இருக்கும். அதத் தளத்தி, குமிழி நிக்கிற வரைக்கும் கையால அடிச்சு விடுங்க."

"மூணு தடவ அடிச்சாச்சு. பத்து நிமிஷம் ஓடுது, படுத்துக்குது."

"டீசல் இருக்குல்ல?"

"முள்ளு பாதிக்கு மேல காட்டுது."

"அப்ப ஓஸ்லதான் கீறல். கழட்டாம அப்படியே ஓட்டிக்கிட்டு வாங்கண்ணே. உங்க வீட்டுக்குத்தான் சக்கரம் இருக்கே!"

குடவாசல் போய் வேலை முடித்துத் திரும்ப எட்டு மணி ஆகிவிடும். டீசல் வரும் ரப்பர் ஓஸை முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைத்தார். ஆயில் பார்த்தார். மறுபடி பத்து நிமிடம். மறுபடி அமைதி.

வண்டியைக் கரைச் சரிவில் மூக்கு மேலே தூக்கி நிற்கும்படி நிறுத்தியிருந்தார். இந்தப் பக்கத்தில் யாரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். ஆவணியில் திடீரென ஒரு மழை அடித்தால் தண்ணீர் வழிந்து போய்விடும். சமமாக நின்றால் சக்கரத்தடியில் தேங்கி, களிமண் வண்டியை விழுங்கிவிடும்.

பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பூவம்மாள் மண்வெட்டியோடு வரப்பேறி வந்தாள்.

"என்னங்க, வீட்டுக்கு இருமல் நிக்கலியா?"

"வயத்துல பாதிக்கு மேல இருக்கு. ஆனா குடிக்க மாட்டேங்குது."

"என் வயலும் அந்தக் கதைதான். கீழண்டை மூலையில முழங்கால் தண்ணி, மேலண்டை மூலை வெடிச்சுக் கெடக்கு. ரோட்டுல போறவன் நெறஞ்ச வயலுன்னு நெனச்சுக்கறான்."

சிரித்துவிட்டு நடந்தாள். நாகநாதன் வயலின் வெடித்த மூலையைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே டேங்க்தான்; ஜெனரேட்டர் உறிஞ்சும் குழாயை மட்டும் அதன் அடிவரை விடமாட்டார்கள். கால் டேங்க் உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள். அது எவ்வளவு குடித்தாலும் வண்டி ஊர் திரும்ப டீசல் மிஞ்ச வேண்டுமே. அந்தக் குழாய் டேங்கின் முன்பக்கம் இருந்தது. டீசல் மொத்தமும் பின்பக்கம் சரிந்து கிடந்தது. முள்ளை ஆட்டும் மிதவையும் பின்பக்கம்தான். குழாயின் வாய் டீசலைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது.

"பூவம்மா! சமதரையா எங்க இருக்கு?"

"கொள்முதல் களத்துக்குப் போங்க. நெல்லு வர இன்னும் ஒரு மாசம் கெடக்கு."

சிமென்ட் களத்தில் வண்டி சமமாக நின்றதும் முள் மெல்ல இறங்கிக் காலுக்கு ஒரு நூல் மேலே நின்றது. கேனில் வைத்திருந்த டீசல் முழுவதையும் ஊற்றினார். கடைசியாக ஒருமுறை காற்றெடுத்துவிட்டு அழுத்தினார். பத்து நிமிடம் தாண்டியது. இருபது. நாற்பது நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்றார். இடையில் ஒரு முறைதான் நகர்ந்தார், மகளுக்குப் புது இடத்தை அனுப்ப.

ஆறே காலுக்கு டாக்ஸி வந்தது. "பத்து நிமிஷம் நில்லுங்கண்ணே" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் மேகலா இறங்கினாள். அது நாகநாதன் காதில் விழுந்தது. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏறியவள் ஏசிக் காற்றுக்கு நேராகக் கையைப் பிடித்துப் பார்த்தாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள்.

"நீங்க எங்க படுப்பீங்க?"

"முன் சீட்டுல. எனக்கு அதுலதான் தூக்கம் வரும்."

அவள் குழந்தையைக் கிடத்திவிட்டு, டாக்ஸியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்ஸி போயிற்று.

குளிர் போய்விடும், கொசு வந்துவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். ஜெனரேட்டரை ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் வெளியிலேயே களத்துச் சிமென்டில் உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மகளின் வாய் அசைந்தது. இந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினார். அவள் போனை எடுத்தாள்.

"கேக்குதாப்பா?"

"கேக்குது, சொல்லு."

"பாப்பா நல்லாத் தூங்குறா. சத்தம் உங்களுக்குத்தான் தொல்லையா இருக்கும். கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா?"

ஆறடி தூரத்தில் இருந்தாள். நெற்றி மயிரை ஒதுக்குவது தெரிந்தது.

"வேணாம்மா, ஓடட்டும்" என்றார். "நீ பேசு."