வாக்குக் கொடுத்த பூக்கடை

எட்டாவதோடு நின்ற நான் ஜாவா என்ற கணினி மொழி படிப்பது யாருக்கும் தெரியாது. இன்று மார்க்கெட்டில் பூ விற்றுத் தீர்ந்ததும், போனில் இருக்கும் கோடிங் குழுவில் முதன்முதலாக ஒரு சந்தேகம் கேட்டேன். "பூக்கடை" என்று ஒரு கிளாஸ் எழுதி, அது விலை சொல்லும் என்று இம்ப்ளிமென்ட்ஸ் போட்டிருக்கிறேன், ஏன் எரர் வருகிறது?

"இதுகூடத் தெரியாம எந்த காலேஜ்மா?" என்றார் ஒருவர்.

குழுவை விட்டே ஓடிவிடலாம் என்றிருந்தது.

அதற்குள் பழனியிலிருந்து ஒரு அக்கா எழுதினார்: "காலேஜ் எதுக்குங்க? கண்ணு, எக்ஸ்டெண்ட்ஸ்னா அப்பன் எழுதுனது சொத்தா தானா வந்துரும். இம்ப்ளிமென்ட்ஸ்னா வெறும் வாக்குத்தான். விலை சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டு, விலை சொல்ற வேலைய, அந்த மெத்தட, நீ எழுதவே இல்லையே!"

எழுதினேன். புரோகிராம் ஓடியது!

வாக்கைக் காப்பாற்றாவிட்டால் ஓடவே மாட்டேன் என்கிறது ஜாவா. என்ன ஒரு நியாயம்! உங்கள் வீட்டில் யாரை இதில் போட்டுப் பார்ப்பீர்கள்? நான், வாக்கை மட்டும் கொடுக்கும் என் அண்ணனை.