துண்டு போட்ட நாற்காலி

சிரட்டைக்கரி கனன்று, ஈரத்துணியின் மேல் இஸ்திரிப்பெட்டி இறங்கும்போது ஒரு வாசனை எழும். கொஞ்சம் புகை, கொஞ்சம் கஞ்சிப்பசை, கொஞ்சம் வெயில். எனக்குப் பதினொரு வயதான அந்த வைகாசி மாதத்தில் எங்கள் வீட்டில் மூன்று நாளாக அந்த வாசனைதான். அம்மா தன்னுடைய ஒரே நல்ல புடவையை, கட்சிக்கரை போட்டதை, தேய்த்து மடித்து வைப்பதும், மடிப்பு சரியில்லை என்று மறுபடி விரித்துத் தேய்ப்பதுமாக இருந்தாள். சென்னையில் புதிய அரசு பதவியேற்கும் விழாவுக்கு அவள் போகப்போகிறாள். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் இந்த வரியோடு பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், மீதிப்பேர் அம்மாவைத் தேவைக்கு மேல் நல்லவளாக்கிவிடுவீர்கள்.

எங்கள் ஊர் மயிலாடிக்குப் பக்கத்தில், உளிச்சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் அம்மா இருபது நாள் வீடுவீடாக நடந்தாள். செருப்பின் வார் அறுந்தபோது புதிது வாங்க நேரமில்லாமல் ஊக்கை மாட்டிக்கொண்டு நடந்தாள். வேட்பாளர் ஜெயித்தார், மந்திரியாகவும் போகிறார் என்று பேச்சு வந்தது. அம்மாவின் ஊக்கு மாட்டிய செருப்பை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது, ஆள்விட்டு இரண்டு "பாஸ்" கொடுத்தனுப்பினார். கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா வைத்த நீல அட்டைகள். அதைக் காட்டினால் பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். மேற்கே குழித்துறையும் தெற்கே வட்டக்கோட்டையும் பார்த்திருந்த அம்மா, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே ஒரு நாளும் போனதில்லை. அந்த அட்டையை அவள் தொட்ட விதத்தைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பொறாமை வந்திருக்கும்.

ஊரில் பன்னிரண்டு பேர் கூடச் சேர்ந்துகொள்ள, செல்வராஜ் அண்ணனின் வேன் ஏற்பாடாயிற்று. பாஸ் இல்லாதவர்கள் வெளியே நின்று பெரிய திரையில் பார்ப்பது என்று முடிவு. புளிச்சோறு யார் வீட்டில், ஏத்தங்காய் வற்றல் யார் வீட்டில், வாந்தி எடுக்கிறவர்கள் எந்த சன்னலோரம் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். நானும் அம்மா மடியில் போவதாக இருந்தது. பதினொரு வயதில் மடியில் உட்காருவது மானக்கேடு என்றாலும் சென்னைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில் நின்றது ஒரு மூங்கில் கால். முத்தாரம்மன் கோயிலின் வருடத் திருவிழாவான கொடைக்கு எட்டு நாள் முன்னதாக மஞ்சள் பூசி, மாவிலை கட்டிக் கோயில் முன்னால் கால் நாட்டுவார்கள். கால் நாட்டிவிட்டால் கொடை முடிகிற வரைக்கும் ஊர்க்காரர் எவரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. தங்கினால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போடும் என்பது நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை காலையில் கால் நாட்டினார்கள். அன்று மதியச் செய்தியில்தான், வியாழக்கிழமை பதவியேற்பு என்று சொன்னார்கள். கால் நாட்டியவரோ என் அப்பா. அவர்தான் ஊரின் "முதலடி", அதாவது கோயில் காரியங்களுக்கெல்லாம் தலைவர்.

செல்வராஜ் அண்ணன் லேசில் விடுகிற ஆளில்லை. வேன் வாடகை கைவிட்டுப் போகிறதே என்ற கவலையோ, அம்மாவின் மேல் இரக்கமோ, ஒரு மணி நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, தங்கப்பிடாதுன்னுதானே சட்டம்? உறங்கினாத்தான் தங்கினது. ரெண்டு ராத்திரியும் ஒருத்தரும் கண்ண மூடாம வண்டியிலேயே இருந்தா அது தங்கினதில்ல, போய்க்கிட்டு இருக்கதாக்கும்."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று பன்னிரண்டு பெரியவர்களும் இதை மெய்யாகவே யோசித்தார்கள். யோசித்ததோடு நில்லாமல் அன்று மதியமே ஒத்திகையும் பார்த்தார்கள். வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு எங்கள் முற்றத்து ஓலைப்பந்தலின் கீழ் வரிசையாக உட்கார்ந்தார்கள். யார் தலை சாய்கிறதோ அவரைக் குத்தி எழுப்ப என் கையில் ஒரு முருங்கைக்கம்பு. கால்மணி நேரத்தில் ஐந்து பேர் சாய்ந்தார்கள். முதலில் சாய்ந்தவர், வண்டியோட்ட வேண்டிய செல்வராஜ் அண்ணன்.

அப்பா அன்று மாலை கோயில் முன்னால் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உறங்கினாலும் உறங்காட்டாலும் ராத்திரி ஊருல இல்லன்னா இல்லதான். எனக்க வீட்டுலேருந்தே ஒருத்தி போனா நாளைக்கு நான் ஊருக்கு என்ன சொல்ல முடியும்? ஒருத்தரும் போவாண்டாம்."

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. பேசுவாள் என்று நான் காத்திருந்தேன். இருபது நாள் மைக் பிடித்தவள் அல்லவா. புடவையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவி, "எனக்க பிள்ளைக்கு ஒண்ணு வந்திரப்பிடாது பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். நீல அட்டைகளை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா கிடந்தால் பார்க்கப் பார்க்க உனக்குத்தான் சங்கடம், கொடுத்தவர் வீட்டிலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்கு அப்பாவின் மேல் கோபமாக வந்தது; கூடவே, சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர் என்று பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் புதன்கிழமை காலையில், கொடைப் பந்தலுக்கு வாழைக்குலை பேசிவர குழித்துறைக்குப் போவதாக அப்பா சொன்னார். அங்கே சந்தையில் தாசையன் மாமா என்று ஒரு குலை வியாபாரி இருந்தார், எங்கள் தோட்டத்துக் குலைகளெல்லாம் அவருக்குத்தான் போகும், அப்பாவுக்கு நல்ல சேக்காளி. "அந்த வெள்ளைச் சட்டையத் தேய்ச்சுத் தா, சந்தையில நாலுபேரு முன்ன நிக்கணும்லா" என்று அப்பா கேட்டார். தன் புடவைக்கென்று எடுத்து வைத்திருந்த கரியைப் போட்டு அம்மா சட்டையைத் தேய்த்தாள். பச்சைக்கரைத் துண்டையும் தேய்த்துத் தோளில் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் வருகிறேன் என்று போன அப்பா வரவில்லை. வியாழக்கிழமை காலை பந்தல்காரர் வந்து முதலடியைக் கேட்டபோதும் அப்பா வந்திருக்கவில்லை. அம்மா முற்றத்துக்கு வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "விடியதுக்கு முன்னயே எந்திச்சுப் போயிட்டாவளே, கண்டில்லியா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசி வண்டியைத் தவறவிட்டிருப்பார், தாசையன் வீட்டுத் தின்பண்டத்தில் மயங்கிப் படுத்திருப்பார், ஊருக்குத் தெரிந்தால் முதலடிக்கு அசிங்கம் என்று பிறகு அடுக்களையில் எனக்கு விளக்கம் சொன்னாள்.

பதவியேற்பைப் பார்க்க ஊரே தங்கம் மாமி வீட்டில் கூடியது. மாமியின் வீட்டுக்காரர் துபாயில் இருந்ததால் எங்கள் ஊரின் ஒரே பெரிய கலர் டிவி அங்கேதான். வேனில் போகவேண்டிய பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்து, வேனுக்கென்று பொரித்த ஏத்தங்காய் வற்றலைத் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள். எங்கள் ஆள் எப்போது மேடை ஏறுவார் என்று எல்லாரும் பார்த்திருக்கையில், கேமரா மேடையை விட்டு இறங்கிப் பந்தலுக்குள் நாற்காலிகளின் மேல் மெதுவாக நகர்ந்தது.

மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல அட்டை, மேடையைப் பார்த்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் பச்சைக்கரைத் துண்டு விரித்துக் கிடந்தது. நாலைந்து நொடிதான் இருக்கும். தங்கம் மாமியின் மூன்று வயதுப் பேரன் மட்டும் டிவியைக் கைநீட்டி, "முதலடி மாமா" என்றான். கேமரா மேடைக்குத் திரும்பியது, எங்கள் ஆள் உறுதிமொழி எடுத்தார், ஒருவரும் கைதட்டவில்லை.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். காலையில் அவளிடம் பேசிய பந்தல்காரரும் அங்கே இருந்தார். நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தச் சட்டையத் தேய்ச்சுக் குடுத்தது நானாக்கும்" என்றாள்.

அப்பா வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். டிவியில் வந்தது அவருக்குத் தெரியாது. குழித்துறையில் குலை விலை ஏறிவிட்டதாகப் பேச்சைத் தொடங்கினார். ஊர்க்கூட்டத்தில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. முதலடி அவருடைய தம்பிக்குப் போயிற்று. அந்த வருடக் கொடையில் அப்பா கடைசி வரிசையில் நின்று கும்பிட்டார். என் முதுகில் ஒரு வேர்க்குரு கண்டால்கூட அம்மா வேப்பிலையும் கையுமாகக் கோயிலுக்கு ஓடுவது ஒரு மாதம் நடந்தது. அம்மை போடவில்லை. ஆனால் அம்மா அப்பாவிடம் பேசவும் இல்லை. தட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள். இந்த வீடு இனி இரண்டாகத்தான் கிடக்கும் என்று பயந்துகொண்டே நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

ஒருநாள் கிணற்றடியில் தங்கம் மாமி, "ஒரு மனுசன் இப்பிடியும் செய்வாரா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். "பக்கத்து நாக்காலியில துண்டு போட்டிருந்தாவ, கண்டியா? அது எனக்காக்கும். நான் வந்து இருக்கப்பட்ட இடம்னு அவியளுக்கு மனசுல இருந்திருக்கு." அன்று மதியம் அம்மா அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பின் எத்தனையோ தேர்தல் வந்தது. ஒவ்வொரு பதவியேற்பின்போதும் அம்மா இந்தக் கதையைச் சொல்லுவாள். போகப்போக வெள்ளைச் சட்டையும் பொய்யும் கதையிலிருந்து கழன்றுபோய், துண்டு மட்டும் மிஞ்சியது. அப்பா கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். அவருக்குக் கூச்சம் என்று நினைத்தோம். அம்மா கடைசிவரை ஆரல்வாய்மொழியைத் தாண்டவில்லை. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது.

அப்பா இப்போது நாகர்கோவிலில் என் வீட்டில் இருக்கிறார். போன பதவியேற்பை என் கைபேசியில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். நாற்காலி வரிசைகளைக் கண்டதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்து, "அப்பா, அன்னைக்குத் துண்டு போட்டது அம்மாவுக்குத்தானே?" என்றேன். ஆமாம் என்ற ஒரு சொல்லைக் கேட்கும் ஆசையில்தான் கேட்டேன்.

"எந்தத் துண்டு?" என்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, "அதுவா மக்கா, கூட தாசையன்லா வந்திருந்தான். ரெண்டு பாஸ் இருந்துதே. அவன் வெள்ளம் குடிக்கப் போனான், வேற எவனாவது இருந்திரப்பிடாதுன்னு போட்டேன்" என்று சொல்லிவிட்டு, சாயா போடுகிறாயா என்று கேட்டார்.

அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். தாசையன் மாமா அதற்குப் பிறகு எத்தனை முறை வீட்டுக்கு வந்திருப்பார், அம்மா கையால் எத்தனை சாயா குடித்திருப்பார், ஒரு வார்த்தை சொன்னதில்லையே. சிரட்டைக்கரிப் பெட்டி போயிற்று, தங்கம் மாமியின் டிவி போயிற்று, மாமியும் போய்ச் சேர்ந்தாள். கால் நாட்டிய பிறகு இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இத்தனை வருடமாக அம்மாவுக்கென்று காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில், அப்பா சாயா கேட்ட அன்று சாயங்காலம், வெள்ளம் குடித்துவிட்டு வந்து தாசையன் மாமா உட்கார்ந்துவிட்டார்.