குத்தூசிக்காரர்

வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலில் ஒல்லியான காவல்காரர் ஒருவர் இருந்தார். காட்டில் ஒளிந்திருந்த போராளிகளுக்காக யாரும் பதுக்கிவிடாதபடி, ஒவ்வொரு பால் டின்னையும் குத்தூசியால் துளைத்தே உள்ளே விடுவார்.

"வீட்டுக்குப் பின்னால மண் கோப்பை சுடணும்ண்ணே. புகையைப் பாத்துச் சந்தேகப்படுவாங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"நீ சுடு தங்கச்சி. பட்டாளத்துக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்லா."

சாம்பல் பூச்சிட்டுச் சுட்ட முதல் கோப்பையை அவருக்கே கொடுத்தேன். அடியில் என் பெயரைக் கீறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படித்தவள் நான் ஒருத்திதான். பெருமையோடு விரல் வைத்துப் படித்தும் காட்டினேன்.

அடுத்த சூளையின் புகையைக் கண்டு பட்டாளம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, துவான்" என்றார் அவர், பட்டாளத்துத் துரையிடம். சூளையைக் கோப்பைகளோடு உதைத்து நொறுக்கினார்கள்.

மறுநாளும் என் கோப்பையில்தான் தேநீர் குடித்தார். அண்ணாந்தபோது அடிப்பக்கம் தெரிந்தது. என் பெயரைக் குத்தூசியால் சுரண்டி அழித்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதுதான் என் பெயர் என்று காட்டிக் கொடுத்தவள் நான்.