ரெண்டு பேட்டரியும் ரோசியின் பாட்டும்

வேனுக்குள்ளேயே குடித்தனம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை இன்று நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நாங்கள் அதை அறுபதுகளிலேயே செய்து அசடு வழிந்தவர்கள். என் கணவர் சூசை சேலத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, பின்னால் கட்டில், விளக்கு, விசிறி, வால்வு ரேடியோ எல்லாம் பொருத்தினார். வேனின் பேட்டரி ஆறு வோல்ட். இவற்றுக்கோ பன்னிரண்டு வேண்டும். அதனால் தனியாக இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி வைத்து, ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸோடு கோத்தார். ஒவ்வொன்றும் அறுபது ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் அறுபது மணி நேரம் தாங்கும்.

கொல்லிமலை அடிவாரத்துக்குப் போக நாள் குறித்தார். அந்த ஞாயிறு காலை ஏழரைக்குத்தான் என் தங்கை ரோசி முதன்முதலாக வானொலியில் பாடுகிறாள். நான் வரவில்லை, வீட்டிலிருந்து கேட்கிறேன் என்றேன்.

"அறுபதும் அறுபதும் நூத்தியிருபது. விளக்கு, விசிறிக்கு அஞ்சு ஆம்பியர். இருபத்துநாலு மணி நேரம் ஓடும். அங்கேயே கேக்கலாம், வா" என்றார். கணக்கில் புலியாயிற்றே என்று நம்பிப் போனேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். பதினாறு மைலில் ராசிபுரம், அங்கே டீ. நாலு மணிக்குச் சேந்தமங்கலம். வழியெல்லாம் கடலைக்காடு, எதிரே மலை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக வேனை நிறுத்தி, ஐந்து மணிக்கு விளக்கையும் விசிறியையும் போட்டோம். மகாராணி மாதிரி தூங்கினேன்.

காலை ஐந்துக்கு விசிறி நின்றது. விளக்கு சிவந்து போயிருந்தது. ரேடியோ முனகக்கூட இல்லை. ரோசி பாடப்போகிறாள், நான் இங்கே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். சூசையை நன்றாக வைதேன்.

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் வந்து ஒயரைப் பார்த்தார்.

"ஏனுங்க, வோல்ட்டையும் கூட்டிட்டீங்க, ஆம்பியர்-அவரையும் கூட்டிட்டீங்க. ஒண்ணைத்தானுங்க கூட்டலாம். ஒரே கரண்ட்டு ரெண்டுக்குள்ளயும் போவுது. ரெண்டும் சேந்துதான் எறங்கும்."

"அப்ப பன்னெண்டு மணி நேரம்தானா?" என்றார் சூசை.

"ஆமாங்க. அதான் நின்னுபோச்சு."

நான் ரோசியைப் பற்றிச் சொன்னேன். அவர் லாரியை எங்கள் வேனை ஒட்டி நிறுத்தி, தன் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு ஒயர் இழுத்தார். ஏழு இருபத்தைந்து. ரேடியோ சூடாகிப் பேசியது, ஆனால் லாரி உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டார்.

"மறுபடி ஸ்டார்ட் ஆகலைன்னா?" என்றேன்.

"தள்ள ஆளிருக்குதுங்க. பாட்டைக் கேளுங்க."

பேட்டரிகளைத் தொடராகக் கோப்பவர்களுக்கு: வோல்ட் கூடும், ஆம்பியர்-அவர் கூடாது. ஒரே மாதிரி பேட்டரி என்றால், ஒன்றின் அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். அதிலும் பாதிக்கு மேல் இறக்காதீர்கள், பேட்டரி கெடும்.

சேலம் திரும்பியதும் ரோசி ஓடிவந்தாள். "அக்கா, கேட்டியா?"

"நான் மட்டுமாடி? டீக்கடையில பதினோரு பேரு டம்ளரைக் கீழ வச்சிட்டுக் கேட்டாங்க."